இரவு 2 மணிக்கு உங்கள் கட்டடம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை நிர்வகிக்கிறேன். ஏசி உள்ள பரப்பு சுமார் 1 லட்சம் சதுர அடி. ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, ஒப்பந்த டிமாண்ட் (ஒரே நேரத்தில் எடுக்க ஒப்புக்கொண்ட உச்ச அளவு) 500 கேவிஏ, மாதம் சராசரியாக 1,10,000 யூனிட். ஏசி, விளக்குகளை ஒரே திரையிலிருந்து இயக்கும் பழைய பிஎம்எஸ் ஒன்று இருக்கிறது, பாதிதான் வேலை செய்கிறது. ஒரு நிறுவனம் ‘ஸ்மார்ட்’ கண்காணிப்பு மென்பொருள் தருவதாகச் சொல்கிறது. மீட்டர், சென்சார் எல்லாம் சேர்த்து 18 லட்சம், அப்புறம் ஆண்டுச் சந்தா 4 லட்சம். மின்செலவில் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம், அந்த 30 சதவீதத்தை நம்பியும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,10,000 என்றால் ஆண்டுக்கு 13.2 லட்சம் யூனிட். டிமாண்ட் கட்டணத்தை ஒதுக்கிவிட்டு யூனிட்டுக்கு மட்டும் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1.19 கோடி. இதில் 30 சதவீதம் குறைந்தால் 36 லட்சம் மிச்சம். சந்தா போக, போட்ட பணம் ஏழே மாதத்தில் திரும்பிவிடும். 9 சதவீதம் குறைந்தால் 10.7 லட்சம்; சந்தா போகக் கையில் நிற்பது 6.7 லட்சம், முதல் வர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். 3 சதவீதம்தான் என்றால் 3.6 லட்சம். சந்தாவுக்கே போதாது.

3, 9 என்ற எண்களைச் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2016 முதல் 2020 வரை இந்த வகை மென்பொருள்களைப் பயன்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. சுமார் 6,500 கட்டடங்கள். மீட்டர் எண்களை வரைபடமாகக் காட்டும் மென்பொருளை மட்டும் வைத்திருந்தவர்களிடம் சேமிப்பின் நடுமதிப்பு 3 சதவீதம். ‘இந்த ஏஎச்யூவின் (மாடிக்குக் குளிர்காற்றைத் தள்ளும் விசிறிப் பெட்டி) வால்வு மூடவில்லை’ என்று கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் வைத்திருந்தவர்களிடம் 9 சதவீதம். அமெரிக்கக் கட்டடங்கள் வேறு, நம்முடையவை வேறு. ஆனாலும் 30 என்று சொல்பவரிடம் பேசும்போது இந்த இரண்டு எண்களும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அதே ஆய்வகம் 2009இல் வெளியிட்ட இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. 600க்கு மேற்பட்ட கட்டடங்களில், புதிதாகப் பெரிய இயந்திரம் எதுவும் வாங்காமல், ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகச் சோதித்துச் சரிசெய்ததில் பழைய கட்டடங்களில் கிடைத்த சேமிப்பின் நடுமதிப்பு 16 சதவீதம். செலவு ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் திரும்பிவிட்டது. பணம் திரையில் இல்லை, பிளான்ட் ரூமில்தான் கிடக்கிறது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம். அதை யாராவது போய் எடுக்க வேண்டும். எங்கே கிடக்கிறது என்று கைகாட்ட மென்பொருள் உதவும்.

சரி, பத்துப் பைசா செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மெயின் பேனலில் டிஜிட்டல் மீட்டர் இருக்கும். இரவுப் பணியில் இருக்கும் எலெக்ட்ரீசியனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் தினமும் இரவு 2 மணிக்கு அதில் காட்டும் கிலோவாட்டை எழுதச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் 3 மணிக்கும் ஒரு தடவை. உங்கள் அளவுக் கட்டடத்தில் சர்வர் அறை, யுபிஎஸ் இழப்பு, மாடிப்படி விளக்குகள், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) புளோயர் எல்லாம் சேர்த்து 30, 35 கிலோவாட் இருந்தால் நியாயம் என்பேன். 60 இருந்தால் யாருக்கும் பயன்படாத எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த உபரி 25 கிலோவாட், இரவுக்கு எட்டு மணி நேரம் என்று ஆண்டு முழுக்க ஓடினால் 73,000 யூனிட், ஆறரை லட்சம் ரூபாய். உங்கள் மொத்தப் பயன்பாட்டில் ஐந்து சதவீதத்துக்கும் மேல். நோட்டு வாங்கிய செலவு முப்பது ரூபாய்.

இப்படி ஒரு நோட்டில் சிக்கிய கதை ஒன்று. நான் தணிக்கைக்குப் போன ஒரு அலுவலகக் கட்டடத்தில் (பெயர் வேண்டாம்) நான்காம் மாடி ஏஎச்யூ இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பிஎம்எஸ் திரையில் ‘ஆஃப்’ என்றுதான் காட்டியது. கீழே போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டர் பேனலில் இருந்த செலக்டர் ஸ்விட்ச் ‘மேனுவல்’ பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ ஒரு சனிக்கிழமை வாடகைதாரர் ஒருவர் கூடுதல் நேரம் ஏசி கேட்டிருக்கிறார், ஆபரேட்டர் கையால் போட்டிருக்கிறார், திருப்பி ‘ஆட்டோ’வில் விட மறந்திருக்கிறார். எத்தனை மாதத்துக்கு முந்தைய சனிக்கிழமை என்று அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. மென்பொருள் பொய் சொன்னது என்று சொல்ல முடியாது. தான் அனுப்பிய ஆணையைத் திரையில் காட்டியது. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. அதனால் விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: திரையில் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று தெரிவது நீங்கள் அனுப்பிய ஆணையா, அல்லது மோட்டார் எடுக்கும் கரன்ட்டை அளந்து சொல்வதா?

அடுத்து, மீட்டர். 18 லட்சத்தில் எத்தனை மீட்டர், எங்கெங்கே என்று எழுதி வாங்குங்கள். மெயின் இன்கமரில் (கட்டடத்துக்குள் மின்சாரம் நுழையும் இடம்) ஒன்று மாட்டிவிட்டு அழகான திரை ஒன்றைக் கொடுத்தால், மாதக் கடைசியில் ஈபி பில் சொல்லும் சேதியையே தினமும் சொல்லும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது சில்லர் (ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், குளிர்நீர் பம்ப், கண்டென்சர் பம்ப், கூலிங் டவர், மாடிவாரியாக ஏஎச்யூ, விளக்கு, யுபிஎஸ். சில்லருக்கு மின் மீட்டர் மட்டும் போதாது. நீரின் ஓட்டத்தையும், போகும் வரும் வெப்பநிலையையும் அளக்க வேண்டும். அப்போதுதான் ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் செலவாகிறது என்று தெரியும். தண்ணீரால் குளிரும் நல்ல சென்ட்ரிஃபியூகல் சில்லர் 0.6 பக்கத்தில் நிற்கும். காற்றால் குளிர்வது என்றால் ஒன்றைத் தாண்டும். இந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் கண்டென்சர் டியூபில் உப்புப் படிகிறதா என்று பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டர் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிடி (மீட்டருக்காகக் கரன்ட்டை அளக்கும் வளையம்) தலைகீழாக மாட்டியிருக்கும், ஆர் ஃபேஸ் சிடியின் ஒயர் ஒய் ஃபேஸில் போயிருக்கும், 400/5 சிடிக்கு மென்பொருளில் 200/5 என்று போட்டிருப்பார்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் முதல் மாத அறிக்கையிலேயே 22 சதவீதம் சேமிப்பு என்று கேக் வெட்டினார்கள். ஈபி பில் வந்தபோது ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. சிடி ஒன்று திரும்பி இருந்திருக்கிறது. எனவே ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: எல்லா ஃபீடர்களையும் (பேனலிலிருந்து பிரிந்து போகும் மின்தடங்கள்) கூட்டினால் மெயின் மீட்டரோடும், மெயின் மீட்டர் ஈபி மீட்டரோடும் இரண்டு, மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், அதுவரை கடைசித் தவணை கிடையாது.

டிமாண்ட் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள், நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காலை எட்டரைக்கு எல்லா ஏஎச்யூவும் ஒன்றாகக் கிளம்பும்போதும், கரன்ட் போய்த் திரும்பி வரும்போதும் பல கட்டடங்களில் உச்சம் தொடும். கிளம்புவதை இடைவெளி விட்டு வரிசையாக வைத்தால் உச்சம் குறையும். மென்பொருள் இதை நன்றாகவே செய்யும். ஆனால் தமிழ்நாட்டில் ஹெச்.டி. இணைப்புக்குப் பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்களுக்கு 500 என்றால் 450க்குக் கட்டாமல் தப்ப முடியாது. உச்சத்தை 490இலிருந்து 450க்குக் கொண்டுவந்தால் காசு. 450இலிருந்து 400க்குக் கொண்டுவந்தால், ஒப்பந்த டிமாண்டையே குறைக்க விண்ணப்பிக்காத வரை, ஒரு ரூபாயும் இல்லை. போன பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வைத்துப் பதிவான டிமாண்ட் என்ன என்று பாருங்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய விளக்கப்படத்தைப் பாருங்கள்.

பெரிய பணம் இருப்பது காற்றிலும் தண்ணீரிலும்தான். விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஏஎச்யூவை 40க்கு இறக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, மின்சாரமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். டக்ட்டில் (காற்றுக் குழாயில்) குறைந்தபட்ச அழுத்தம் வைக்க வேண்டிய இடங்களில் இவ்வளவு கிடைக்காது, இருந்தாலும் கணிசம். வேடிக்கை என்னவென்றால், நான் போகும் கட்டடங்களில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கும், காசு கொடுத்து வாங்கி மாட்டியிருப்பார்கள், ஆனால் 50இல் பூட்டி வைத்திருப்பார்கள். ‘நாலாவது மாடியில் ஒரு மேடம் சூடாக இருக்கிறது என்றார், அதனால் ஃபுல்லில் வைத்துவிட்டோம் சார்.’ போய்ப் பார்த்தால் அந்த மாடியின் தெர்மோஸ்டாட் காபி மெஷினுக்கு மேலே இருக்கும். இந்த மாதிரி இடத்தில் கோளாறு கண்டுபிடிக்கும் மென்பொருள் அபாரமாக வேலை செய்யும். வேகம் மூன்று நாளாக அசையவில்லை, வால்வு எப்போதும் நூறு சதவீதம் திறந்தே இருக்கிறது, ஏஎச்யூ நின்ற பிறகும் காயிலுக்கு (அதன் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) குளிர்நீர் போகிறது: இதையெல்லாம் மனிதர் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, வெளிக்காற்று. சென்னைக் காற்றை உள்ளே இழுத்தால் சூட்டை மட்டும் எடுத்தால் போதாது, அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும். இப்போது பல அலுவலகங்களில் திங்களும் வெள்ளியும் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். ஆனால் ஃபிரெஷ் ஏர் டாம்பர் (வெளிக்காற்றை உள்ளே விடும் கதவு) முழுக் கூட்டத்துக்கு வைத்த இடத்திலேயே நிற்கும். கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து, ஆள் இருக்கும் அளவுக்குக் காற்றை விடுவது உங்கள் கட்டடத்தில் சட்டென்று பலன் தரக்கூடிய ஒன்று. சென்சார் மலிவானதை வாங்காதீர்கள், ஆண்டுக்கொரு முறை அளவு சரிபார்க்க வேண்டும்.

அதே ஈரத்தால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில்லரிலிருந்து போகும் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சில்லருக்கு இரண்டு, மூன்று சதவீதம் மிச்சம். இது பாடப்புத்தகத்தில் இருப்பது, மென்பொருளிலும் இருக்கும். வறண்ட ஊருக்கு எழுதிய அந்த விதியை அப்படியே ஐப்பசி மழையில் சென்னையில் ஓடவிட்டால், காயில் ஈரத்தைப் பிழியாது. அறை 24 டிகிரி காட்டும், ஆனால் பிசுபிசுக்கும், கார்ப்பெட் நாறும், ஃபைல் பூசணம் பிடிக்கும். தானாக மாற்றும் வசதியைத் தருகிறார்கள் என்றால் ஈரப்பதத்தையும் பார்த்துத்தான் மாற்றுகிறதா என்று கேளுங்கள். முகத்தில் குழப்பம் தெரிந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏஐ பற்றியும் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். 2016இல் கூகுளின் டீப்மைண்ட், தரவு மையங்களில் குளிரூட்டும் மின்சாரத்தை 40 சதவீதம் குறைத்ததாக அறிவித்தது. உண்மைதான். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான சென்சார்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த தரவு இருந்தது. 24 மணி நேரமும் ஒரே மாதிரி ஓடும் சுமை. முதலில் பரிந்துரைதான் தந்தது, மனிதர்கள் பார்த்துத்தான் மாற்றினார்கள், தானே ஓட்டுவது 2018இல்தான் வந்தது. தவிர, 40 என்பது குளிரூட்டலில், மொத்த பில்லில் இல்லை. பாதி சென்சார் செத்துக் கிடக்கும் பிஎம்எஸ் மேல் ஏஐயைப் போடுவது, கண்ணாடி உடைந்த வண்டிக்கு வைப்பர் மாற்றுவது போல.

இப்போது ஆள் விஷயம். எல்லாவற்றையும்விட இதுதான் என் கவலை. முதல் வாரம் அலாரம் கொட்டும், நாளைக்கு நானூறு வரும். இரண்டாம் வாரம் ஆபரேட்டர் சத்தத்தை அணைத்துவிடுவார். மூன்றாம் மாதம் அந்தத் திரையில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடும். அவர்மேல் தப்பில்லை. எந்த அலாரத்துக்கு யார், எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பணம் வீணாகும் வரிசையில் முதல் ஐந்து கோளாறு மட்டும் வந்தால் போதும், மிச்சத்தை மறைத்துவிடுங்கள். ஒருவரை நியமியுங்கள், தினமும் அரை மணி நேரம், வாரம் ஒரு தடவை உங்களோடு பதினைந்து நிமிடம். அவருக்கு நேரத்தையும் வெப்பநிலையையும் மாற்றும் அதிகாரம் வேண்டும். அது இல்லாமல் உட்கார வைத்தால், வாடகைதாரர் ஒருவர் சத்தம் போட்டதும் எல்லாம் ‘மேனுவல்’ பக்கம் திரும்பிவிடும். அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் மென்பொருள் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நான் மனசறிந்து சொல்கிறேன்.

சேமிப்பை எப்படி அளப்பது என்பதை முன்பே பேசி எழுதிவிடுங்கள். மே மாதத்தில் மாட்டி டிசம்பரில் ‘பாருங்கள், 25 சதவீதம் குறைந்திருக்கிறது’ என்பார்கள். அது மென்பொருளின் சாமர்த்தியமா, மார்கழியின் சாமர்த்தியமா? குறைந்தது ஓராண்டு பழைய பில், வெளி வெப்பநிலை, எத்தனை மாடியில் ஆள் இருந்தது, எத்தனை வேலை நாள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து அடிப்படைக் கோடு போட வேண்டும். இதற்கு ஐபிஎம்விபி என்ற உலகறிந்த முறை இருக்கிறது. அதன்படி அளக்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். இன்னும் நல்லது, 30 சதவீதத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் சந்தாவில் ஒரு பகுதியைச் சேமிப்போடு கட்டிவிடச் சொல்லுங்கள். 30 என்பது அங்கேயே 10 ஆகிவிடும்.

ஒப்பந்தத்தில் வேறு சிலவும் பார்க்க வேண்டும். சாதனங்கள் பேக்நெட், மோட்பஸ் போன்ற பொதுவான நெறிமுறைகளில் பேச வேண்டும். மோட்பஸ் 1979இலிருந்து இருப்பது, பேக்நெட் 1995இலிருந்து. இவற்றில் பேசாத புதுச் சாதனத்தைத் தலையில் கட்டினால் நாளை வேறு ஒருவரிடம் போக முடியாது. தரவு உங்களுடையது, சந்தாவை நிறுத்தினாலும் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் இருக்கட்டும். இணையம் அறுந்தால் கேட்வேயில் (தரவைச் சேர்த்து அனுப்பும் பெட்டி) சில நாள் தரவாவது தங்க வேண்டும். அப்புறம் பாதுகாப்பு: இந்தக் கருவிகளை வாடகைதாரர்களின் நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நான்கு கோடி கார்டு விவரங்கள் திருடு போனது நினைவிருக்கலாம். திருடர்கள் முதலில் நுழைந்தது குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல் வழியாகத்தான்.

நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மின்செலவைக் கட்டுவது யார்? உரிமையாளர் 18 லட்சம் போட்டு, சேமிப்பு முழுவதும் வாடகைதாரர்களின் பில்லில் போய்ச் சேர்ந்தால், இரண்டாம் ஆண்டு சந்தா கட்ட யாரும் முன்வர மாட்டார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் இந்தச் செலவைப் பங்கிடுவது பற்றி வாடகைதாரர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

என் யோசனை: முதல் கட்டமாகச் சில்லர் பிளான்ட்டுக்கும் ஏதாவது இரண்டு மாடிக்கும் மட்டும் மீட்டர், கோளாறு கண்டுபிடிக்கும் வசதி, ஆறு மாதம். அதில் ஒரு ஏப்ரல், மே வர வேண்டும். பழைய பிஎம்எஸ்ஸின் செத்த சென்சார்களை அதற்குள் மாற்றிவிடுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் அந்த 2 மணி நோட்டு. ஒரு வார எண்களையும், போன ஓராண்டு பில்லில் பதிவான டிமாண்டையும் இங்கே எழுதுங்கள். எந்த ஃபீடரில் முதல் மீட்டரை மாட்டுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.